ஆயாவின் சுங்குடி புனே போனது

சோலாப்பூர்

சோலாப்பூரில் வண்டி நின்றபோது ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. சைதாப்பேட்டையில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம், அவ்வளவுதான். எதிர்ப் படுக்கையில் ஒரு பெரியவர் தலையோடு காலாக சோலாப்பூர்ப் போர்வைக்குள் இருந்தார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஐப்பசி அடைமழைக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். காய்ச்சல் வந்தவருக்குத்தான் அதில் முதல் உரிமை.

என் பையில் போர்வை இல்லை. ஆயாவின் சுங்குடிப் புடவை இருந்தது. அரக்கு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. ஆயா போய்ப் பதினொரு வருடமாகிறது. அம்மா அதை பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தாள். கேட்டதும் கொடுத்துவிடவில்லை.

"வெட்டறதுக்கா கேக்கற?"

"தைக்கறதுக்கும்மா."

"வெட்டாம எப்படித் தைப்ப?"

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே புடவையை மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

2019 ஜனவரியில் சென்னையில் நடந்த இந்தியக் குயில்ட் விழாவில்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றும் பிரியாமல் இருக்க மேலேயிருந்து தையல். இதுதான் குயில்ட். சதுரங்களைச் சேர்த்து நாலைந்து தைத்தும் விட்டேன். எட்டுமுனை நட்சத்திரத்தை மட்டும் தொடவில்லை, பயம். புனேயில் சில பெண்கள் பழைய புடவைகளைக் கொண்டே அதைத் தைக்கப்போவதாகத் தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தௌண்டுக்கு முன்னால் பீமா நதி வந்தது. இருபுறமும் சோளக்காடு, கதிர் பிடிக்கும் பருவம். வெயில் ஏறியும் குளிர் போகவில்லை.

கோத்ரூட்

மூன்றாவது மாடி வீடு. ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் காகு என்றார்கள். சித்தி, பெரியம்மா போல, வயதில் மூத்தவரை அழைக்கும் உறவுச்சொல் அது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் வேதியியல் சொல்லித்தரும் ஒரு தாயி (தாயி என்றால் அக்கா), ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் ஒரு பெண், அடுத்த கட்டடத்திலிருந்து மாமியாரும் மருமகளும், பிறகு கட்கியிலிருந்து வரும் தமிழ் அக்கா. என்னைச் சேர்த்து ஏழு பேர். கட்கி அக்காவின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கேயுள்ள வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். 1869இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அதை ஒட்டி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வேர்பிடித்துவிட்டன. அக்காவின் தமிழில் எங்கள் ஊர் "இன்னா"வும் மராத்தி "அரே"யும் ஒன்றாக வரும்.

முதல் நாள் யாரும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஒவ்வொருவரும் கொண்டுவந்த துணியை விரித்து, யார் உடுத்தியது என்று சொன்னோம். காகுவிடம் மாமியாரின் லுகடே இருந்தது. ஒன்பது கஜத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தாயி கொண்டுவந்தது இரண்டு இல்கல் புடவை. அவர்கள் வாயில் அது இர்கல். என் முறை வந்தபோது சுங்குடியைப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் சாயத்தில் முக்குவதற்கு முன் நூலால் கட்டிய ஒரு முடிச்சு என்று சொன்னேன். மதுரையில் அதைக் கட்டியவர்கள் சௌராஷ்டிரர்கள். குஜராத்திலிருந்து கிளம்பி, தேவகிரியில் தங்கி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்தவர்கள் என்று அவர்கள் மரபு சொல்கிறது. தேவகிரி என்றால் இன்றைய தௌலதாபாத், மகாராஷ்டிரம்தான். அக்கா மராத்தியில் சொல்லி முடித்ததும் காகு புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் எங்கள் வழியாகத்தான் போயிருக்கிறது" என்றார்.

நட்சத்திரத்தின் கணக்கு சொல்வதற்கு எளிது. எட்டு பெரிய சாய்சதுரங்கள், ஒவ்வொன்றின் கூர்முனையும் 45 பாகை, எட்டும் நடுவில் கூடினால் 360. ஒரு பெரிய சாய்சதுரத்துக்குள் ஆறுக்கு ஆறாக 36 சின்னச் சாய்சதுரங்கள். மொத்தம் 288. தையலுக்கு விடும் ஓரம் எல்லாவற்றிலும் கால் அங்குலம். ஒரு தையலுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் ஆறு வரிசை முடிவதற்குள் மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்புறம் எட்டு முனையும் நடுவில் கூடாது.

இதைவிடப் பெரிய கஷ்டம் துணியிடமே இருக்கிறது. சாய்சதுரத்தின் இரண்டு ஓரம் நூல்வாக்கில் வரும். மற்ற இரண்டும் பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே ஓடும். நம் தையற்காரர்கள் "கிராஸ்" என்பது இதைத்தான். கிராஸில் வெட்டிய துணி கையில் எடுத்தாலே நீளும். புதுத்துணியிலேயே அப்படி என்றால் இருபது வருடம் துவைத்த புடவையைப் பற்றிச் சொல்லவேண்டாம்.

இங்கே எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. துணி விறைப்பாக நிற்க அவர்கள் கடையில் வாங்கிய ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டிக்கும் காட்டன் புடவைக்கும் கஞ்சி போட்டே வளர்ந்தவள் நான். காகுவின் அடுப்பில் குக்கரை ஒதுக்கிவிட்டுப் பாத்திரத்தில் சோறு வடித்தேன். அரிசி அம்பேமோகர். புனே மாவட்டத்து முல்ஷிப் பக்கம் விளைவது, வேகும்போது மாம்பூ வாசனை வரும். பெயருக்கே அதுதான் பொருள். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியால் வடிகட்டி, புடவைகளை நனைத்து பால்கனி வெயிலில் போட்டோம். மாலையில் எல்லாம் அட்டை போல நின்றன. மருமகள் ஒரு புடவையை முகர்ந்து பார்த்துவிட்டு மாமியாரிடம் நீட்டினாள்.

சுங்குடியில் முதல் வெட்டு என்னுடையது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு வெட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புள்ளிகள் மங்கி, அரக்கு கிட்டத்தட்ட ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்த பகுதியாகத் தேடி எடுத்தேன். அழகாக இருந்தது. நட்சத்திரத்தின் நடுவில் அந்த நிறம் வந்தால் விளக்கேற்றியதுபோல் இருக்கும் என்று பட்டது.

ரவிவார் பேட்டை

பழைய புனேயில் கிழமைகளின் பெயர் கொண்ட பேட்டைகள் பல. சனிக்கிழமைக்கு ஷனிவார் பேட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு ரவிவார் பேட்டை. அடித்துணியும் நூலும் வாங்க ரவிவார் பேட்டைக்குப் போனோம். லேஸ், பொத்தான், ஜரிகை, நூல்கண்டு என்று கடைக்குக் கடை. நம் சௌகார்பேட்டை ஞாபகம் வந்தது, ஆனால் அந்த நெரிசல் இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் இஞ்சியும் ஏலக்காயும் கொதிக்கும் அம்ருததுல்ய சாயா குடித்தோம். அக்கா என்னைக் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். செப்புப் பாத்திரக்காரர்களின் தெரு. சுத்தியல் சத்தம் தெருமுனைக்கே கேட்கிறது.

பாத்திரச் சத்தத்தில் பேச்சு பழைய துணிக்குப் போனது. கூடையில் பாத்திரத்தோடு வந்து பழைய துணியை வாங்கிப்போகும் பெண்ணுக்கு இங்கே போஹாரீண் என்று பெயர். எங்கள் தெருவிலும் வருவார்கள். ஆயாவின் எத்தனையோ புடவைகள் அப்படி எவர்சில்வர் தூக்காகவும் பிளாஸ்டிக் குடமாகவும் மாறியிருக்கின்றன. மிஞ்சியது தூளி ஆகும், பிள்ளைத்துணி ஆகும், கடைசியில் கரித்துணி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாம். அந்தக் கந்தைக்கும் வங்காளத்துப் பெண்கள் தைக்கும் காந்தாவுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. அங்கே அது தையற்கலையின் பெயர், நமக்குக் கிழிசலின் பெயர். நம் வெயிலுக்கு அடுக்கித் தைத்த போர்வை தேவைப்படவில்லை என்பது வாஸ்தவம். இருந்தாலும் எனக்கு அது மனதை உறுத்தியது.

நாட்டு பாக்

தாயி ஒரு பிற்பகல் என்னை நாட்டு பாக்கில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். தினகர் கேல்கர் சேர்த்து, இறந்துபோன மகன் ராஜாவின் நினைவுக்கு அர்ப்பணித்தவை. 1920 வாக்கில் தொடங்கிய சேகரிப்பு. விளக்கு, பாக்குவெட்டி, கதவு, வாத்தியம் என்று வீட்டில் புழங்கிய பொருள்களே அதிகம். பாக்குவெட்டி வரிசை முன்னால் நின்றுவிட்டேன். எத்தனை வேலைப்பாடு, மயில், குதிரை! நான் பார்த்தது அந்த வேலைப்பாட்டையல்ல. கைப்பிடியில் விரல் படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. யாரோ ஒருத்தி தினமும் பிடித்த இடம். அன்று அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

மறுபடியும் கோத்ரூட்

ஏழாவது நாள் எட்டு சாய்சதுரங்களும் தயார். நான்கு நான்காகச் சேர்த்து இரண்டு பாதி. கடைசித் தையலை ஹிஞ்சவடிப் பெண் போட்டாள். தேய்த்துத் தரையில் விரித்தோம்.

நடுவில் மேடு தட்டியது. கையால் அழுத்தினால் படிந்தது, எடுத்ததும் எழும்பியது. கவிழ்த்த கிண்ணத்தின்மேல் துணி போர்த்தியதுபோல. வெளி ஓரங்கள் அலையலையாக நின்றன. மேடு முழுக்க நான் வைத்த வெளிர் ரோஜா நிறம்.

யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. தாயி ஸ்கேல் வைத்து அளந்தார். காகு தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் அங்குலம் எங்கும் பிசகவில்லை. மாமியார் உள்ளே போய்த் தாலிபீட் தட்டினார். பல தானிய மாவில் வெங்காயமும் கொத்தமல்லியும் பிசைந்து தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டது, மேலே வெண்ணெய். சூடாகச் சாப்பிட்டோம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"மாவ்ஷிகிட்ட எடுத்துட்டுப் போவோம். நாளைக்கு போகி தானே" என்றாள் அக்கா.

திவே காட், சாஸ்வட்

முன்பெல்லாம் காகுவின் கட்டடத்துக்கு மழை முடிந்ததும் ஒரு பெண் வருவாராம். வீடு வீடாகப் பழந்துணி வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து கோதடி தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். மகாராஷ்டிரத்தின் பழந்துணிக் குயில்ட்தான் கோதடி. சில ஊர்களில் வாகள் என்பார்கள். இதைத் தேடித் தேடிப் பதிவுசெய்து கீதா கண்டேல்வால் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். முன்பு கோதடி தைக்க வந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுபது வயதிருக்கும். சாஸ்வட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் மகனோடு இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாவ்ஷி, அம்மாவின் சகோதரி முறை.

திவே காட் மலைப்பாதை ஏறும்போது கீழே புனே முழுக்கப் பனிமூட்டம். ஆஷாட ஏகாதசிக்காக ஞானேஸ்வரர் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் போகிற வழி இது. மேலே போனதும் நிலம் வேறாகிவிடுகிறது. காய்ந்த புல், கருங்கல், தூரத்தில் புரந்தர் கோட்டை. சாலையோரத்தில் அத்திப்பழக் கூடைகள். ஒரு வயல் ஓரத்தில் இளஞ்சோளக் கதிரை வறட்டித் தணலில் வாட்டிக் கையால் கசக்கி மணி உதிர்த்துக் கொடுத்தார்கள். ஹுர்டா என்று பெயர். பச்சையும் பாலும் புகையுமாக ஒரு ருசி. காரச் சட்னிப் பொடியோடு இரண்டு கை தின்றேன்.

மாவ்ஷியின் வீட்டில் சாணி மெழுகிய முற்றம். போகிச் சாப்பாடு ஆகியிருந்தது. கத்தரிக்காய், கேரட், அவரை, பச்சைக் கடலை, வேர்க்கடலை எல்லாம் சேர்ந்த எள்ளுக் குழம்பு, எள் ஒட்டிய கம்பு பாக்ரி. போகி சாப்பிடாதவன் என்றும் ரோகி என்று ஒரு பழமொழி சொன்னார், மராத்தியிலும் அது அப்படியே எதுகையாக வருகிறது. எங்கள் ஊரில் இன்று என்ன செய்வோம் என்று கேட்டார். விடியற்காலையில் பழைய பாயையும் துணியையும் தெருவில் போட்டுக் கொளுத்துவோம், பிள்ளைகள் மேளம் தட்டுவார்கள் என்று அக்கா சொன்னாள்.

மாவ்ஷி பாக்ரியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "துணியையா?"

சாப்பிட்டபின் நட்சத்திரத்தை முற்றத்தில் விரித்தோம். மேட்டைப் பார்த்தார். அளக்கவில்லை. நட்சத்திரத்தின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வெயிலுக்கு நேரே காட்டினார். பின்பக்கம் நின்று நாங்கள் பார்த்தோம். லுகடேயின் துண்டுகள் இருட்டாக நின்றன. இல்கல் கொஞ்சம் வெளிச்சம் விட்டது. நடுவில் என் சுங்குடித் துண்டுகள் சல்லடை மாதிரி. வெயில் அப்படியே இறங்கியது. பாவு நூல் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"பசலேலா பாக்" என்றார். உட்கார்ந்த பாகம்.

அக்கா விளக்கினாள். புடவையில் உட்கார்ந்து எழுந்த இடம்தான் முதலில் நைந்துபோகும். முழங்கால் மடியும் இடம் அடுத்தது. நிறம் வெளுத்திருப்பதும் அங்கேதான். நான் அழகு என்று தேடி எடுத்த பகுதி, ஆயா நாற்பது வருடம் உட்கார்ந்து தேய்த்த பகுதி. கஞ்சி இருந்தவரை அட்டைபோல் நின்றது. கையில் புழங்கப் புழங்கக் கஞ்சி விட்டது, கிராஸ் ஓரம் நீண்டது. கால் அங்குலம் சரியாக இருந்தும் துண்டு பெரிதாகிவிட்டது.

"ஆதி பக, மக் காப்" என்றார் மாவ்ஷி என்னிடம். முதலில் பார், பிறகு வெட்டு. குரலில் கடுமை இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துண்டுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நடுவை மட்டும் பிரித்து, நைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெல்லிய கோராத் துணியில் அஸ்தர், அதாவது உள்துணி, கொடுத்து, இரண்டும் சேர்ந்து ஒரே துணியாகப் புழங்கும்படி ஓரத்தில் இழையோடி, அளவுக்கு வெட்டித் திரும்பத் தைக்கவேண்டும். அன்று மாலை வரை ஏழு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தோம். தைத்ததைவிடப் பிரிப்பது நேரம் பிடித்தது. நூலை மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, பின்பக்கமிருந்து இழுத்து, துணி நீளாமல் விரலால் அமுக்கிக்கொண்டு. யார் முதுகுக்குப் பின்னால் வெயில் வந்ததோ அவர் நகர்ந்தார், மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

மாவ்ஷி சும்மா இருக்கவில்லை. நான் கொண்டுவந்திருந்த மிச்சச் சுங்குடியைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து, நைந்ததை ஒரு பக்கம், திடமானதை ஒரு பக்கம் கிழித்து வைத்தார். தரையில் ஒரு பழைய லுகடேயை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். நடுவில் மகனின் வேட்டி, பேரனின் பள்ளிச் சட்டை, என் புடவையின் நைந்த துண்டுகள், எல்லாம் இடைவெளியில்லாமல் பரப்பி, மேலே திடமான சுங்குடியும் வேறு இரண்டு புடவைத் துண்டும். கோதடியின்மேலேயே ஒரு காலை நீட்டி உட்கார்ந்தார். ஓரத்தில் தொடங்கி ஓரத்துக்கு இணையாக ஓடும் தையல், சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி. தாவ்தோரா, ஓடும் நூல் என்று பெயர். பென்சில் கோடு, ஸ்கேல், கணக்கு எதுவும் இல்லை. துணி எங்கே சுருங்குகிறதோ அங்கே விரல் தானாக ஒரு இழை விட்டுக் கொடுக்கிறது. வட கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்களும் இப்படித்தான் ஓரத்திலிருந்து உள்ளே வருவார்கள். எங்கள் நட்சத்திரம் நடுவிலிருந்து வெளியே விரிவது. இங்கே நடு கடைசியில்தான் வருகிறது.

தைத்துக்கொண்டே பேசினார். நவராத்திரிக்கு முன்னால் வீட்டிலுள்ள கோதடிகளையெல்லாம் கர்ஹா நதிக்கு எடுத்துப்போய் வெளுப்பார்களாம். பாறை முழுக்கக் கோதடிகள் காயும், ஊரில் யார் வீட்டில் எத்தனை பேர் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். காட்கே பாபாவைப் பற்றிச் சொன்னார். 1876இல் விதர்பத்தில் பிறந்து, கையில் விளக்குமாறும் ஓட்டுச் சட்டியுமாக ஊர் ஊராகப் போய்த் தெருவைப் பெருக்கிவிட்டு இரவில் கீர்த்தனம் செய்த மகான். ஒட்டுத்துணி உடுத்தியதால் அவருக்குக் கோதடே மகராஜ் என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லும்போது ஊசியை நிறுத்தி நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

ஒரு மூலையில் நானும் நாலு வரிசை தைத்தேன். என் தையல் நீளமாகப் போயிற்று. மாவ்ஷி பிரிக்கவில்லை.

ரயில் நிலையம் போகும் வழி

கிளம்பும் நாள் காலையில் நட்சத்திரத்தின் நடுவைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். தையல் ஓரங்களை ஒரே திசையில் விசிறிபோல் மடித்துத் தேய்த்ததும் முனை எட்டும் ஓர் இடத்தில் கூடி நின்றன. மேடு போய்விட்டது. அஸ்தர் கொடுத்ததால் ரோஜா நிறம் சற்று அழுத்தமாகியிருந்தது. ஓரப்பட்டையும் பஞ்சும் தையலும் இன்னும் பாக்கி. அது அவர்கள் கையில் இருக்கிறது. அக்கா என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடும்போது ஒரு மூட்டையைத் தந்தாள். சாஸ்வட்டிலிருந்து யார் மூலமாகவோ கோதடி வந்து சேர்ந்திருந்தது. "மாவ்ஷி காசு வாங்கமாட்டேன்னுடுச்சு. நாலு வரிசை நீயும் தெச்சிருக்கியாமே" என்றாள்.

அன்றிரவு குளிரவில்லை. சோலாப்பூர் எப்போது வந்து போனதென்று தெரியாது.

சைதாப்பேட்டை

வீட்டுக்கு வந்தபோது மாட்டுப் பொங்கல். வாசலில் கோலத்தின் ஓரம் மிதிபட்டிருந்தது. அம்மா கோதடியைக் கட்டிலில் விரித்தாள். உட்காரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, வெள்ளைப் புள்ளி இருக்கும் இடமாக விரலால் தடவிக்கொண்டு போனாள். ஒரு துண்டில் விரல் நின்றது. மற்ற இடங்களைவிட அங்கே அரக்கு நல்ல ஆழமாக இருந்தது.

"இது உள்ள சொருவுற எடம்" என்றாள். "வெயிலே படாது. பாரு, வாங்கின அன்னிக்கு இருந்த கலரு."